சாயம் ஏறாத திட்டுகள்: மரத்தில் காய்ந்த பசை பற்றிய கேள்வி பதில்

கேள்வி (கும்பகோணம்): தேக்கில் செய்த பூஜை அலமாரிக்கு ஸ்டெயின் (மரச் சாயம்) அடித்தேன். இணைப்புகளின் ஓரத்தில் வெளுத்த திட்டுகள் நிற்கின்றன. இன்னொரு கை அடித்தால் மறையுமா?

பதில்: மறையாது. இணைப்பிலிருந்து பிதுங்கிய வெள்ளைப் பசை மரத்தின் துளைகளை அடைத்திருப்பதால் சாயம் உள்ளே இறங்க வழியில்லை. வெந்நீரில் நனைத்த துணியைத் திட்டின் மேல் சிறிது நேரம் போட்டு வையுங்கள். பசை பால் நிறமாக வெளுத்து, நகத்தால் கீறினால் சுருண்டு வரும் பதத்துக்கு இளகும். இளகாவிட்டால் வெள்ளை வினிகரைத் தொட்டுப் பாருங்கள். பிறகு மர ரேகையின் போக்கிலேயே சுரண்டி எடுத்து, ஈரம் முழுதும் காய்ந்தபின் அந்தச் சட்டம் முழுவதையும் 120, அடுத்து 180 எண் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுச் சாயம் அடியுங்கள். திட்டை மட்டும் தேய்த்தால் அந்த இடம் தனி நிறமாகத் தெரியும்.

கேள்வி (மன்னார்குடி): பசை இருப்பதை முன்பே கண்டறிய முடியுமா?

பதில்: டர்பெண்டைன் தொட்ட துணியால் துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மரம் கருக்கும், பசை படிந்த இடம் வெளிறியே நிற்கும். அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

கேள்வி (திருவாரூர்): பசை காயும் முன்பே ஈரத்துணியால் துடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. எங்கள் பட்டறையில் தாத்தா காலத்திலிருந்தே அதுதான் வழக்கம்.

பதில்: தாத்தா பயன்படுத்தியது வச்சிரமாக இருக்கும். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த அந்தப் பசை காய்ந்த பிறகும் வெந்நீரில் கரையும் என்பதால், அன்று அந்த வழக்கம் சரியானதே. இன்றைய வெள்ளைப் பசையை ஈரத்துணியால் துடைத்தால் அது நீர்த்துப் பரவி, கண்ணுக்குத் தெரியாத படலமாகத் துளைகளில் தங்கும்.

கேள்வி (மீண்டும் திருவாரூர்): துணியை அலசி அலசித் துடைத்தாலுமா?

பதில்: நெருக்கமான ரேகையுள்ள மரத்தில் அது ஓரளவு பலிக்கலாம். தேக்கின் துளைகள் பெரியவை. அவற்றுள் இறங்கிய பசையைத் துணி எட்டாது. பசை ரப்பர் போல் இறுகும் வரை பொறுத்து, உளியின் நுனியால் நாடாவாக உரித்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது இறுகச் சித்திரையை விடக் கூடுதல் நேரம் பிடிக்கும். பெயிண்ட் அடிக்கப்போகும் சாமான் என்றால் உங்கள் வழக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. சாயம் என்றால் ஈரத்துணி வேண்டாம்.

கேள்வி (மயிலாடுதுறை): வெனீர் (மெல்லிய மர ஏடு) ஒட்டிய பிளைவுட்டையும் இப்படித் தேய்க்கலாமா?

பதில்: மெஷினால் தேய்க்காதீர்கள். மேல் ஏடு மிக மெல்லியது. கையால் மெதுவாகச் சுரண்டுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): கட்டிலில் வெள்ளைத் திட்டு உள்ளது. இரண்டாவது கை அடிக்கட்டுமா?

பதில்: கும்பகோணத்து அன்பருக்குச் சொன்னதைத் தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): பழைய வீணையின் குடத்தில் பசைக் கறை இருக்கிறது. வெந்நீர் வைக்கலாமா?

பதில்: வைக்கவே வைக்காதீர்கள். பழைய இணைப்பு விட்டுப்போகும். தந்திகளுக்கு அடியில் உள்ள மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகும் சூட்டில் இளகும். உங்கள் ஊரிலேயே வீணை செய்வோர் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள்.