எவாப்பரேட்டரில் படியும் உப்பும் எம்.டெக். படிப்பும்

வணக்கம் மேடம்,

பி.டெக். கெமிக்கல் முடித்துவிட்டுத் திருப்பூரில் சாயப் பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் இன்ஜினியராக இருக்கிறேன். கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். போகலாமா என்று யோசனை. 'ரெண்டு வருஷச் சம்பளம் போகும், திரும்பி வந்தும் இதே வேலைதானே' என்கிறார்கள் வீட்டில். நண்பர்கள் ஐ.டி.க்குக் கூப்பிடுகிறார்கள். வேலையில் பெரிய குறை இல்லை. கழிவுநீரைச் சூடாக்கி ஆவியாக்கும் எவாப்பரேட்டரின் குழாயில் உப்புப் படிவது, ஆசிட் விட்டுக் கழுவுவது, மறுபடி படிவது, இதுதான் சலிப்பு. என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள தம்பி,

எம்.டெக். போங்கள். சலிப்பு என்று நீங்கள் சொன்ன விஷயத்தை வைத்தே இதைச் சொல்கிறேன்.

சாயக் கழிவுநீரில் வரும் சோடியம் சல்பேட், 32 டிகிரிக்கு மேல் சூடு ஏற ஏறக் குறைவாகக் கரையும் உப்பு. கால்சியம் சல்பேட்டும் ஏறக்குறைய 40 டிகிரிக்கு மேல் அப்படித்தான். சர்க்கரையைக் கரைத்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆகவே எவாப்பரேட்டரில் எந்த இடம் அதிகச் சூடோ, அந்தக் குழாய்ச் சுவரிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. பி.டெக்.கில் இதற்கு ஃபௌலிங் ஃபேக்டர் என்று, படிவு வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் எனக் காட்டும் ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். அட்டவணையில் பார்த்து எடுத்துப்போட்டு, குழாய்ப் பரப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். எத்தனை நாளில் படியும், ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டினால் தள்ளிப்போகுமா என்றெல்லாம் அந்த எண்ணிடம் கேட்க முடியாது. சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் வெப்பமும் உப்பும் எப்படி நகர்கின்றன, முதல் படிகம் எப்போது உருவாகிறது என்று சமன்பாடு எழுதித் தீர்க்க எம்.டெக்.கில் கற்றுக்கொள்ளலாம். இரண்டாம் வருட ஆய்வுக்கு உங்களிடம் தலைப்பு தயாராகவே இருக்கிறது.

நொய்யல் ஆறு கெட்டுப்போய், 2011-இல் உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சாயப் பட்டறைகள் மூடப்பட்டது உங்கள் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதி கடைசியில் வந்து நிற்பது உங்கள் எவாப்பரேட்டரில்தான். அது கழுவலுக்காக நிற்கும் நேரம் குறைந்தால் ஆற்றுக்கும் நல்லது, பட்டறைக்காரர்களுக்கும் நல்லது. இதற்கு ஆள் வேண்டும் தம்பி.

வீட்டில் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பட்டம் வாங்கியதும் சம்பளம் தானாக ஏறிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கேட் மூலம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. விடுதி, சாப்பாட்டைச் சமாளித்துவிடலாம், வீட்டுக்கு அனுப்பப் பெரிதாக மிஞ்சாது. அதை முன்பே பேசிவிடுங்கள். கேட் மதிப்பெண் 3 வருடம் செல்லும், அதனால் எழுதிய கையோடு வேலையை விட வேண்டியதில்லை. ஐ.டி. பிடித்திருந்தால் தாராளமாகப் போங்கள். சலிப்பில் மட்டும் போகாதீர்கள்.

எங்கே படிப்பது? திருச்சி என்.ஐ.டி., கிண்டி ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), மும்பை ஐ.சி.டி. (வேதித் தொழில்நுட்ப நிறுவனம்) எல்லாமே நல்ல இடங்கள். ஆனால் கல்லூரிப் பெயருக்கு முன்னால், படிகமாக்கலிலோ வெப்பப் பரிமாற்றத்திலோ வேலை செய்யும் பேராசிரியர் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வு வழி எம்.எஸ். இருக்கிறது, அதில் பாடங்கள் குறைவு, ஆய்வுக்கு நேரம் அதிகம். உங்களுக்கு அதுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேர்வு பிப்ரவரியில் வரும். அதுவரை ஒவ்வொரு கழுவலுக்கும் இடையில் உள்ளே வரும் நீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பு முதலானவற்றின் மொத்த அளவு), நீராவியின் வெப்பநிலை, ஆவியாகும் அளவு மூன்றையும் நிர்வாகத்தின் அனுமதியோடு ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். எம்.எஸ். நேர்காணலில் எதில் ஆர்வம் என்று கேட்டால், அந்த நோட்டிலிருந்தே பேசத் தொடங்கலாம்.