ஆற்றிலிருந்து தள்ளி நடக்கும் வேலைகள் ஆற்றுநீரை எப்படிக் கெடுக்கின்றன?

எந்த நிலத்தில் பெய்யும் மழை கடைசியில் ஓர் ஆற்றில் வந்து சேர்கிறதோ, அது முழுவதும் அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி. மொட்டை மாடி மாதிரிதான்: எந்த மூலையில் அழுக்கு இருந்தாலும் மழை அதை ஒரே குழாய்க்குக் கொண்டுவந்துவிடும்.

வயலில் மிஞ்சும் உரமும் இப்படித்தான் ஆற்றுக்கு வருகிறது. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசியைப் பெருக்கும். பாசி மடிந்து அழுகும்போது நுண்ணுயிரிகள் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட, மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். செடியை வளர்க்கிற அதே சத்துதான் இந்த வேலையையும் செய்கிறது! காட்டை அழித்தால் மண் கரைந்து வரும். கான்கிரீட் பரப்பினால் நீர் நிலத்தில் இறங்காமல் சாலை எண்ணெயைக் கழுவிக்கொண்டு ஓடும். அதனால் ஆற்றை மட்டும் தூர்வாரினால் போதாது. மேட்டு நிலத்தையும் சேர்த்தே பராமரிக்க வேண்டும்.

அப்புறம், ஓடுகிற நீர் தானே சுத்தமாகிவிடும் என்பார்கள்; மக்கும் கழிவு கொஞ்சமாக இருந்தால் சரி, ஆனால் ஈயமும் பாதரசமும் மக்குவதே இல்லை, அடிமண்ணில் தங்கிவிடும்.