சிறுவயதில் கொண்டாடிய படங்களை இப்போது திரும்பப் பார்க்கலாமா?

அந்தக் காலத்தில் ஊரே கொண்டாடிய படங்களை இன்று மறுபடி பார்த்தால் அவை தாங்குமா, இல்லை நல்ல நினைவாகவே விட்டுவிடுவது மேலா என்று கேட்டிருக்கிறீர்கள். பாருங்கள் என்பதுதான் என் பதில். சில படங்கள் உங்களை வருத்தும். ஆனால் எவை வருத்தும் என்று இப்போது பயப்படுகிறீர்களோ, பெரும்பாலும் அவை அப்படியே நிற்கும். அடி வேறொரு இடத்திலிருந்து வரும்.

இரண்டு ஆண்டுகளாக ஞாயிறு இரவுகளில் நானும் என் மகளும் இதைச் செய்துவருகிறோம். இருபது வயதுக்குள் நான் பித்துப் பிடித்துப் பார்த்த படங்கள், ஒவ்வொன்றாக. தொடங்கியபோது அவளுக்குப் பதினான்கு வயது. இதுவரை நாற்பது படங்களாவது ஆகியிருக்கும்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, கல்லூரி நாட்களில் ஐந்து முறை பார்த்த ஒரு வெற்றிப் படத்தைப் போட்டேன். பெயர் வேண்டாம், அந்த வார்ப்பில் எத்தனையோ படங்கள் உண்டு. பணக்காரப் பெண் எடுத்தெறிந்து பேசுகிறாள். நாயகன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஓர் அறை விடுகிறான். பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் வசனம் பேசுகிறான். தியேட்டரில் அந்த இடத்தில் கூரை அதிரும். நானும் விசிலடித்திருக்கிறேன்.

இப்போது அறையில் நாங்கள் இரண்டே பேர். யாரும் கைதட்டவில்லை. அந்த அமைதியில்தான் அந்தக் காட்சி எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்பதே என் கண்ணில் பட்டது. கை ஓங்குவது ஒரு ஷாட். கன்னத்தைப் பிடித்தபடி அவள் திரும்புவது இன்னொரு ஷாட், அது ஒரு நொடிகூட இருக்காது. உடனே கேமரா அவளை விட்டுப் போய்விடுகிறது. நண்பர்கள் சிரிக்கிறார்கள். வேலைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். இசை வெற்றி முழக்கம் செய்கிறது. அதன் பிறகு சில நிமிடங்களுக்கு அவள் திரையிலேயே இல்லை. அடுத்த முறை வரும்போது தலை குனிந்தபடி, அவனைக் காதலித்துக்கொண்டு வருகிறாள்.

“அடி வாங்கியபோது அவள் என்ன நினைத்தாள் அப்பா? அதைக் காட்டவே இல்லையே” என்று மகள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கதையில் ஒரு பக்கம் கிழிந்திருப்பதுபோல நினைத்துக் கேட்டாள். ஐந்து முறை பார்த்த எனக்கு அந்தக் கேள்வி ஒருமுறைகூட வந்ததில்லை. அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு படம் காலத்தைத் தாங்கியதா என்று பார்க்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: ஒருவருக்கு வலிக்கும்போது கேமரா அவரோடு இருக்கிறதா, அவரை விட்டு ஓடிவிடுகிறதா? கொடுமையைக் காட்டியதாலேயே ஒரு படம் கெட்டுப்போவதில்லை. அதைப் பார்த்துக் கைதட்டச் சொன்ன படங்கள்தான் கெட்டுப்போகின்றன. ஏனென்றால் கைதட்டியவர்கள் மாறிவிட்டோம்.

இதற்கு நேரெதிராக நின்ற படம் 1978-இல் வந்த ‘முள்ளும் மலரும்’. இயக்குநர் மகேந்திரனின் முதல் படம், பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு. ரஜினிகாந்தின் காளி முரடன். தங்கையின் வாழ்க்கையைத் தன் கைப்பிடிக்குள் வைத்திருக்கிறான். இன்றைய கண்ணோடு பார்த்தால் அவனிடம் குற்றம் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் படம் அவனுடைய பிடிவாதத்துக்கு மாலை போடுவதே இல்லை. அவன் கத்தும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகம் நமக்குக் கிடைக்கிறது. தங்கையாக நடித்த ஷோபா பேசாமல் நிற்கும் இடங்களில் அவள் மனத்தில் ஓடுவது முழுவதும் நமக்குத் தெரிகிறது. கடைசியில் காளி தங்கையை அவள் விரும்பிய எஞ்சினியருக்கே கொடுக்கிறான். கொடுத்துவிட்டு, அந்த எஞ்சினியரிடம், இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். அன்பு அவனை இளக்கியது, ஆனால் ஒரேயடியாக வேறு ஆளாக மாற்றிவிடவில்லை. இருபது வயதில் அந்த முடிவை நான் நாயகனின் கெத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால், ஒரு மனிதரால் ஒரு நாளில் எவ்வளவு மாற முடியுமோ அவ்வளவுதான் மாறுகிறான் என்று படுகிறது. பெருங்கூட்டத்துக்காக எடுத்த படத்தில் இத்தனை நேர்மை இருந்திருக்கிறது.

கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ 1957-இல் வந்தது. ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறைக்குள் நடக்கிறது. வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஜூரிகள் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞனின் உயிரைப் பற்றிப் பேசுகிறார்கள். பாட்டில்லை, சண்டையில்லை. மகள் பாதியில் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், நாற்காலி விளிம்புக்கு வந்து கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். “அந்த அறை சின்னதாகிக்கொண்டே வருகிறதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?” என்று கேட்டாள். அவள் கண் சரியாகத்தான் பிடித்திருந்தது. இயக்குநர் சிட்னி லூமெட் தொடக்கத்தில் கேமராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்தார், பிறகு கண்மட்டத்துக்கு இறக்கினார், கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே கொண்டுபோனார். லென்ஸ்களையும் படிப்படியாக நீண்ட குவியத் தூரம் உள்ளவையாக மாற்றினார். அதனால் சுவர்கள் ஆட்களை நெருங்கிக்கொண்டே வருகின்றன, முடிவு நெருங்கும்போது கூரையும் தலைக்கு மேல் கவிகிறது. இவ்வளவு வேலை நடப்பது பார்ப்பவருக்குத் தெரியாது. மூச்சு முட்டுவது மட்டும் தெரியும். பன்னிருவரும் வெள்ளைக்கார ஆண்கள் என்பது இன்று யாருக்கும் கண்ணில் படும், என் மகளுக்கும் பட்டது. ஆனால் அந்தப் படம் பேசுவதே, தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்கள் தங்கள் வெறுப்பையும் கூடவே எடுத்துவந்திருக்கிறார்கள் என்பதைத்தான். அதனால் அந்தக் குறையையும் படமே தாங்கிக்கொள்கிறது.

கிராபிக்ஸ் பழசாகிவிட்டிருக்குமே என்பது அடுத்த பயம். ‘ஜாஸ்’ 1975, ‘ஜுராசிக் பார்க்’ 1993. இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் பார்த்தோம். ‘ஜாஸ்’ படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதானது. வேறு வழியில்லாமல் இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதைக் காட்டாமலே கதையைக் கொண்டுபோனார். சுறா நன்றாகத் தலைகாட்ட ஒரு மணி நேரத்துக்கும் மேலாகிறது. அதுவரை தண்ணீரும் இசையும்தான் பயமுறுத்துகின்றன. தண்ணீருக்கும் இசைக்கும் வயதாவதில்லை. ‘ஜுராசிக் பார்க்’கிலும் டைனோசர்கள் திரையில் இருப்பது மொத்தமாகவே கால் மணி நேரம் அளவுக்குத்தான். அதிலும் கணினியில் உருவாக்கியவை சில நிமிடங்களே, மற்றவை கையால் செய்து இயக்கிய உருவங்கள். பெரிய தாக்குதல் இரவில், கொட்டும் மழையில் நடக்கிறது. ஆனால் நினைவில் நிற்பது குவளையில் இருக்கும் தண்ணீர் அதிர்வதுதான். அதற்குப் பிறகு பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து எல்லாவற்றையும் பட்டப்பகலில் கணினியிலேயே செய்துகாட்டிய சில படங்களை இப்போது பார்க்க முடியவில்லை. தன்னிடம் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்து அளவாகப் பயன்படுத்திய படம் தப்பிக்கிறது.

சீக்கிரம் பழசாவது நகைச்சுவைதான். நிறத்தையும் உடம்பையும் திக்குவாயையும் வைத்துச் சிரிக்கச் சொன்ன காட்சிகளை இப்போது என்னால் தாண்டவே முடியவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தவைதான். இதில் எனக்கு ஆறுதல் தந்த படம் 1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’. நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதை என்ன என்று யோசித்துப் பாருங்கள், ஒன்றும் தேறாது. கதவு திறக்கும் ஓசை முதல் எல்லாச் சத்தத்தையும் நாகேஷ் தன் வாயாலேயே எழுப்புகிறார். பாலையா மெல்ல மெல்ல ஒடுங்கிப்போகிறார். கேட்கிறவரின் முகத்தில்தான் முழு நகைச்சுவையும் இருக்கிறது. அங்கே யாரும் யாரையும் தாழ்த்தவில்லை. பயம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது, அவ்வளவே. மகள் நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி போடச் சொன்ன ஒரே நகைச்சுவைக் காட்சி அது.

வேகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய படங்களில் ஒரு ஷாட் நீண்ட நேரம் நிற்கும். இப்போது சில நொடிகளில் மாறிவிடுகிறது. நம் கண் அதற்குப் பழகிவிட்டது. முதல் இருபது நிமிடம் படம் நகரவில்லை என்று தோன்றினால் படத்தைக் குறை சொல்லாதீர்கள். கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு அந்த இருபது நிமிடத்தைக் கடந்துபாருங்கள். அதன் பிறகும் நகராவிட்டால் தாராளமாக நிறுத்திவிடலாம்.

ஆனால் தீர்ப்புச் சொல்வதற்கு முன் நீங்கள் பார்ப்பது அந்தப் படம்தானா என்று சரிபாருங்கள். இதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பல நல்ல படங்கள் இதனாலேயே அநியாயமாகத் தோற்கின்றன. 1950-களின் தொடக்கம் வரை படங்களின் சட்டகம், அகலத்துக்கு உயரம், கிட்டத்தட்ட நான்குக்கு மூன்று என்ற அளவில்தான் இருந்தது. இன்றைய அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள், அல்லது பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள். ஒருவரின் நெற்றி போய்விடுகிறது, இன்னொருவர் குண்டாகத் தெரிகிறார். பக்கங்களில் கறுப்புப் பட்டை வந்தால் அதுதான் சரியான பிரதி. அடுத்து, படங்கள் நொடிக்கு 24 சட்டகங்களாக, அதாவது 24 தனித்தனி நிழற்படங்களாக, எடுக்கப்பட்டவை. புதிய டி.வி.களில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ என்ற வசதி இடையிடையே இல்லாத சட்டகங்களைத் தானே உருவாக்கிச் செருகுகிறது. அதனால் எவ்வளவு பெரிய ஒளிப்பதிவாளர் எடுத்ததும் தொலைக்காட்சித் தொடர்போலத் தெரிகிறது. முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். நிறமும் அப்படித்தான். அந்தக் காலத்து ஈஸ்ட்மென் வண்ணப் பிரதிகளில் நீலச்சாயல் முதலில் வெளுத்து, படமே இளஞ்சிவப்பாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு, அப்போது வண்ணம் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1964-இல் வந்த ‘கர்ணன்’ படத்தை டிஜிட்டலில் மீட்டெடுத்து 2012-இல் வெளியிட்டபோது, அது வந்து பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த இளைஞர்களும் அதை முதன்முறையாகப் பார்க்கத் தியேட்டருக்குப் போனார்கள். படம் அதேதான். மேலே படிந்திருந்த தூசு போனதும் அதன் முகம் தெரிந்தது.

மாறியது படம் மட்டும் இல்லை, நாமும்தான். ஒரு படத்தில் மகன் அப்பாவின் கடிதத்தை ரயில் நிலையத்தில் உட்கார்ந்து படிக்கும் காட்சியை நான் எத்தனையோ பேரிடம் விவரித்திருக்கிறேன். திரும்பப் பார்த்தபோது அப்படியொரு காட்சியே இல்லை. கடிதம் இருக்கிறது, ரயில் நிலையமும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தது என் மனம். அதே படத்தில் அந்த அப்பாவை நான் பதினெட்டு வயதில் வெறுத்தேன். மகனின் ஆசைக்குக் குறுக்கே நிற்கிறவர், அவ்வளவுதான். இந்த முறை, மகன் கோபித்துக்கொண்டு போன பிறகு அவர் வாசல் விளக்கை அணைக்கப் போய், அணைக்காமல் திரும்பி வருவதைக் கவனித்தேன். மூன்று நொடிதான் வருகிறது. அது அப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது.

உலகத்து விமர்சகர்களுக்கும் இது நடக்கிறது. ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ 1958-இல் வந்தபோது அதற்குக் கிடைத்த வரவேற்பு சுமாரானதுதான். 2012-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமா இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் அது முதலிடத்துக்கு வந்தது. அதுவரை ஐம்பது ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தது ‘சிட்டிசன் கேன்’. பத்தே ஆண்டுகளில், 2022-இல், ‘வெர்டிகோ’வும் இறங்கி, பெல்ஜிய இயக்குநர் சாந்தால் ஆக்கர்மேன் 1975-இல் எடுத்த படம் முதலிடத்தைப் பிடித்தது. மூன்று படங்களிலும் ஒரு சட்டகம்கூட மாறவில்லை. அதனால் ஒரு படம் இன்று உங்களுக்குத் தாங்கவில்லை என்றால் அதைத் தூக்கி எறிய வேண்டாம், பத்து ஆண்டு கழித்து இன்னொரு முறை பாருங்கள். அந்தப் பெண்ணின் கன்னத்தில் அறை விழுந்த படத்தைக்கூட நான் ஒதுக்கவில்லை. அதன் பாடல்கள் இன்னும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் காட்சி வரும்போது இனி என்னால் வேறெங்கும் பார்க்க முடியாது, அவள் முகத்தைத்தான் தேடுவேன்.

நாளை ஞாயிறு. இந்த வாரம் முதன்முறையாகத் தேர்வு மகளுடையது. எட்டு வயதில் தினமும் பார்த்து, வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரு கார்ட்டூன் படத்தை எடுத்து வைத்திருக்கிறாள். “இப்போது பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது?” என்று காலையிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டாள். பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். படம் முழுதாக வரும் பிரதிதானா என்று மட்டும் சரிபார்த்துவிட்டேன்.