பெட்டி ஒன்று, ஆயுள் இரண்டு: ஸ்ட்ரீமிங் அம்பிளிபயர் கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் றேடியோ, அம்பிளிபயர் திருத்தத் தொடங்கி இருபத்தெட்டு வருடமாகிறது. அண்மைக் காலமாகப் பழுதான செட்டோடு வருகிறவர்களை விடக் கேள்வியோடு வருகிறவர்கள் கூட. "அம்பிளிபயரும் வைபையும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற செட் வாங்கப்போகிறேன், எதை வாங்க?" என்பதுதான் அதில் முக்கால்வாசி. இணையத்தில் இருந்து பாட்டை நேரே இழுத்துப் பாடும் இந்தப் பெட்டிக்குத்தான் ஸ்ட்ரீமிங் அம்பிளிபயர் என்று பெயர். கேட்க விரும்புகிறவர்கள் எழுதி அனுப்புங்கள் என்றேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு, கேட்டவரின் ஊர்ப் பெயரைப் போட்டுப் பதில் எழுதுகிறேன்.

கொக்குவில்: அண்ணை, என்னட்டை புளூடூத் உள்ள அம்பிளிபயர் இருக்கு. போனில இருந்து பாட்டுப் போகுது. பிறகேன் ஸ்ட்ரீமிங் அம்பிளிபயர்?

புளூடூத்தில் பாட்டைச் சுமப்பது உங்கள் போன். அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், போனோடு கிணற்றடிக்குப் போனால் அறுந்து அறுந்து கேட்கும், போதாததற்கு பாட்டை இன்னொரு முறை நசுக்கித்தான் அனுப்பும். ஸ்ட்ரீமிங் பெட்டி வீட்டு வைபையில் தானே ஏறி, ஸ்பொட்டிபையிலோ இணைய வானொலியிலோ இருந்து நேரே இழுத்துக்கொள்ளும். போன் வெறும் ரிமோட்தான். இந்த வித்தியாசம் உங்களுக்குப் பெரிதாகப் படவில்லை என்றால் இருக்கிறதை வைத்தே கேளுங்கள். காசு மிச்சம்.

மானிப்பாய்: நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணா ரொறன்ரோவில இருந்து வாறார். அங்க விலை குறைவாம், ஒரு அம்பிளிபயர் கொண்டு வரட்டோ எண்டு கேக்கிறார். சொல்லலாமா?

பொறுங்கோ. இந்தக் கேள்வி மட்டும் ஏழு பேரிடமிருந்து வந்திருக்கிறது, ஆகவே விபரமாகச் சொல்கிறேன்.

கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அண்ணாவைக் கடையில் வைத்தே பெட்டியின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "100-240 வோல்ட்" என்று அச்சடித்திருந்தால் பயமில்லை, பிளக் மாற்றினால் சரி. புதிதாக வரும் சிறிய கிளாஸ் டி செட்டுகளில் பல அப்படித்தான், உள்ளே இரண்டு வோல்ட்டையும் ஏற்கும் சுவிட்ச் மோட் பவர் சப்ளை இருக்கும். "120 வோல்ட் 60 ஹேர்ட்ஸ்" என்று மட்டும் இருந்தால் உள்ளே பெரும்பாலும் அந்த நாட்டுக்கென்று சுற்றிய ரான்ஸ்போமர் இருக்கும். அதைத் தூக்கிவரச் சொல்லாதீர்கள்.

சென்ற வருடம் ஒருவர் அப்படி வந்த செட்டை, பிளக்குக்கு மட்டும் அடாப்டர் போட்டுச் சுவரில் குத்தியிருந்தார். பிளக் பொருந்தினால் கரண்டும் பொருந்தும் என்று நினைத்துவிட்டார். என் மேசைக்கு வந்தபோது மூடியைத் திறக்கத் தேவையிருக்கவில்லை, மணமே சொல்லிவிட்டது. 230 வோல்ட்டை 120 ஆக இறக்கும் ஸ்டெப் டவுன் ரான்ஸ்போமர் பாவிக்கலாம்தான். ஆனால் அம்பிளிபயர் இழுக்கும் மின்சாரத்தை விட நன்றாகப் பெரியதாக வாங்க வேண்டும். அதன் விலை, அதன் சூடு, அதன் இரைச்சல் எல்லாம் சேர்ந்தால் கனடா விலை இங்கத்தைய விலையாகிவிடும்.

லண்டன், பாரிஸ், சுவிஸ், ஜேர்மனி உறவுக்காரர்கள் உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்தான். உத்தரவாதம் மட்டும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

நெல்லியடி: நான் பார்க்கிற செட்டில 60 வாட்தான் போட்டிருக்கு. வீட்டில இருக்கிற பழைய ஹோம் தியேட்டரிலயே 5000 வாட் எண்டு இருக்கு. இது காணுமா?

அந்த 5000 தம்பி, "பிஎம்பிஓ" என்ற கணக்கு. அதற்கு ஒழுங்கான அளவுமுறை எதுவும் கிடையாது, அட்டைப்பெட்டியில் எவ்வளவு இடம் இருந்ததோ அவ்வளவு சைபர். பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது செட் தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலு. அதுவும் ஒரு சனலுக்கு (ஒரு பக்க ஸ்பீக்கருக்கு) எத்தனை, எத்தனை ஓம் ஸ்பீக்கரில் என்று.

சாதாரண புத்தக அலுமாரி ஸ்பீக்கர் ஒன்றின் உணர்திறன் 87 டெசிபெல் என்று வைப்போம். அதாவது ஒரே ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 87 டெசிபெல் கேட்கும். நாம் கதைப்பது ஏறக்குறைய 60. ஒரு வாட்டிலேயே வீட்டார் "குறையுங்கோ" என்பார்கள். 60 வாட் என்றால் அதற்கு மேல் இன்னும் 18 டெசிபெல் கையிருப்பு. 60-ஐ 120 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். வாட்டுக்குக் கொடுக்கிற காசை நல்ல ஸ்பீக்கருக்குக் கொடுங்கள்.

கோப்பாய்: எங்கட வீடு அம்மப்பா கட்டின கல்வீடு. ரவுட்டர் முன் அறையில. பின் ஹோலில பாட்டு நின்று நின்று வருது. விலை கூடின செட் எடுத்தால் சரிவருமா?

வராது. குற்றம் செட்டில் இல்லை, சுவரில். பழைய சுண்ணாம்புக்கல் சுவர் வெயிலை எப்படித் தடுக்கிறதோ அப்படியே வைபையையும் தடுக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு இரண்டு சுவர் தாண்டுவதே பெரும்பாடு. முதலில் செட்டை 2.4 கிகாஹேர்ட்ஸில் இணைத்துப் பாருங்கள். அதைவிட நல்லது, ஒரு லான் கேபிளை முகட்டு வழியாக இழுத்து நேரே செட்டில் குத்துவது. ஒரு நாள் வேலை, பிறகு அந்தத் தலையிடியே இல்லை. ஆகவே லான் துளை இல்லாத செட்டை நீங்கள் வாங்கவே கூடாது.

சுண்டுக்குளி, ஓர் அம்மா: மகன் இதைப் பூட்டினால் டேட்டா முடிஞ்சிடாதா தம்பி?

கணக்கு இதுதான் அம்மா. ஸ்பொட்டிபையின் 320 கிலோபிட் தரத்தில் மணித்தியாலத்துக்கு 144 மெகாபைட். சிடி தரத்தில் சுருக்காமல் அனுப்பினால் 635, ஆனால் பிளாக் (FLAC) என்ற, ஒலி கெடாமல் சுருக்கும் முறையில் வருவதால் பெரும்பாலும் அதில் பாதிக்குச் சற்று மேல். நாளுக்கு மூன்று மணித்தியாலம் 320-இல் கேட்டால் மாதம் 13 கிகாபைட். மகன் பார்க்கிற வீடியோவோடு ஒப்பிட்டால் இது தூசி. அவரை அதைப் பற்றி விசாரியுங்கள்.

சாவகச்சேரி: அப்பா சவூதியில இருந்து 80களில கொண்டுவந்த சன்சுயி அம்பிளிபயர் இன்னும் வேலை செய்யுது. அதை வித்துப்போட்டு புதுசு எடுக்கலாமா?

விற்காதீர்கள். ஒருவேளை விற்பதென்றால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரீமிங் அம்பிளிபயர் என்ற பெட்டிக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று அம்பிளிபயர். நாற்பது வருடம் போகும். இடையில் கப்பாசிற்றர் மாற்றி, வொலியூம் கட்டையைத் துடைத்து விட்டால் இன்னும் போகும். உங்கள் அப்பாவின் செட்டே சாட்சி. மற்றது ஒரு சின்னக் கொம்பியூட்டர். அதன் ஆயுள் உங்கள் போனின் ஆயுள் போன்றது, அதைத் தீர்மானிப்பது நான் இல்லை, எங்கோ இருக்கிற கம்பனி. பழைய செட்டில் பூட்டி வைபையில் பாட்டுக் கேட்க உதவிய குரோம்காஸ்ட் ஓடியோவைச் செய்வதைக் கூகிள் 2019 ஜனவரியில் நிறுத்தியது. அதே மாதிரியான லொஜிடெக் ஸ்குவீஸ்பொக்ஸ் 2012-இல் நின்றது. 2024 மே மாதம் வைபை ஸ்பீக்கர் கம்பனியான சோனோஸ் தன் செயலியை மாற்றியபோது, முதல் நாள் வரை ஒழுங்காகப் பாடிய செட்டுகள் பலருக்குத் தொல்லை கொடுத்தன. இவை எதற்கும் என் சோல்டரிங் அயனில் மருந்து கிடையாது.

உங்களிடம் நல்ல அம்பிளிபயர் இருக்கிறது. அதன் பின்னால் "ஆக்ஸ்" அல்லது "டேப்" என்று எழுதிய துளையில், அந்தக் கொம்பியூட்டர் வேலையை மட்டும் செய்யும் ஸ்ட்ரீமர் ஒன்றைப் பூட்டுங்கள். வீம் (WiiM) கம்பனியின் வீம் புரோ மாதிரி உள்ளங்கையளவுப் பெட்டி போதும். நாளைக்கு அது செத்தால் அதை மட்டும் மாற்றலாம், அப்பாவின் செட் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதே வாசகர்: அப்ப ஒரே பெட்டியா வாங்குறவை எல்லாம் முட்டாளா?

இல்லை, கோபிக்காதீர்கள். கையில் எதுவுமே இல்லாமல் தொடங்குகிறவருக்கு, மேசையில் ஒரு பெட்டி, இரண்டு ஸ்பீக்கர், ஒரு வயர் என்பது பெரிய நிம்மதி. அப்படியென்றால் விலை குறைந்ததை எடுங்கள், ஏழெட்டு வருடத்தில் மாற்றினாலும் மனம் நோகாது. நிறையக் காசு போடுவதென்றால் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். நடுவில் நிற்கிறவர் ஒரே பெட்டியையே எடுத்தாலும், அதில் ஒரு லைன் இன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் கொம்பியூட்டர் கைவிட்டாலும் வெளியே இன்னொன்றைப் பூட்டி அம்பிளிபயராகவாவது பாவிக்கலாம்.

அளவெட்டி: அப்பா சேர்த்துவைத்த தவில், நாதஸ்வர கசற் ஐம்பதுக்கு மேல இருக்கு. எங்கட ஊர்த் தவில் தெட்சணாமூர்த்தி, நாதஸ்வரம் பத்மநாதன் எல்லாம். அதுகளை வடிவாக் கேக்க எந்த செட் நல்லது?

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் இருந்தேன். அளவெட்டிக்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பது!

தவிலை விடக் கடுமையான சோதனை ஒரு ஸ்பீக்கருக்குக் கிடையாது. வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும்போது எழும் அந்த வெட்டு ஒலி ஒரு கணத்தில் உச்சிக்குப் போய்விடும். தொப்பியில் கம்பு விழும்போது வருவது அடிவயிற்றில் கேட்கும் ஒலி. மட்டமான செட்டில் முன்னது தகரம் தட்டுவது போலவும் பின்னது வெறும் "தொம்" என்றும் கேட்கும். நாதஸ்வரத்தில் மேல்சுரங்கள் அதிகம், மேல் ஒலிக்கான சிறிய ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், மட்டமாக இருந்தால் அதைக் காதைக் கிழிக்கிறதாக்கிவிடும். இந்த வித்தியாசங்களில் அம்பிளிபயரின் பங்கு சிறியது. பெரிய பங்கு ஸ்பீக்கருக்கு, அதற்கு அடுத்தது அறைக்கு.

நம் வீட்டு ஹோல்களைப் பாருங்கள்: டைல்ஸ் நிலம், சீமெந்துச் சுவர், கண்ணாடி சோகேஸ், நான்கு பிளாஸ்ரிக் கதிரை. நடுவில் நின்று கையைத் தட்டுங்கள். "டிங்" என்று வால் நீண்டால் எந்தச் செட் பூட்டினாலும் தனி ஆவர்த்தனம் கூழாகத்தான் கேட்கும். தடித்த திரைச்சீலை, நிலத்தில் ஒரு விரிப்பு, பின் சுவரில் புத்தகம் நிறைந்த அலுமாரி, மெத்தை வைத்த இருக்கை என்று மாற்றிவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். அறைக்கேற்ப ஒலியைத் தானே சரிசெய்யும் அறைத் திருத்தம் உள்ள செட்டுகள் உண்டு (யமஹா ஆர்-என்800ஏ-யில் வைபாவோ (YPAO) என்ற முறை, வீமில் அதன் சொந்த முறை). அவை கீழ் ஒலியின் வீக்கத்தைக் குறைக்க உதவும், எதிரொலியைத் துடைக்காது.

கசற்றுக்கு வருவோம். டெக்கின் லைன் அவுட்டை அம்பிளிபயரின் லைன் இன்னில் பூட்டுங்கள். போனோ துளை இசைத்தட்டுக்கு மட்டும், அதில் குத்தாதீர்கள். அதைவிட முக்கியமானது, டெக்கின் தலையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு கசற்றையும் ஒருமுறை பிளாக்காகப் பதிந்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். செட் பிறகும் வாங்கலாம். நாடா காத்திருக்காது.

இணுவில்: எம்பி3 கோப்புகளை எல்லாம் பிளாக்காக மாத்திப் பென் டிரைவில போட்டன். திரையில பாட்டுப் பெயர் "உயிரே" எண்டு வராமல் "capNu" மாதிரிக் கண்டபடி வருது. செட் பழுதா?

செட் பழுதில்லை. அந்தப் பெயர்களை யாரோ, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்ட பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். செட்டுக்குத் தெரிந்தது எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோட். கணினியில் பெயர்களை யுனிகோட்டுக்கு மாற்றிச் சேமித்தால் தமிழ் தமிழாகவே வரும். அப்புறம் ஒன்று: எம்பி3-ஐ பிளாக் ஆக்கினால் கோப்புதான் பருக்கும், ஒலி அப்படியே இருக்கும்.

குருநகர்: கடற்கரைக்குக் கிட்ட வீடு. ஏதும் கவனிக்க வேணுமா?

ஸ்பீக்கர் வயரின் நுனி பச்சை பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெட்டிப் புதிதாக உரித்துப் பூட்டுங்கள். செட்டைக் கண்ணாடி சோகேசுக்குள் பூட்டிவைக்க வேண்டாம், வெக்கையில் வேகும். பல்லி நுழையாமல் பாருங்கள். நான் திறந்த செட்டுகளில் கரண்டால் செத்ததை விடப் பல்லியால் செத்தது கூட.

உரும்பிராய்: கரண்ட் போனால் இன்வேர்ட்டரில ஓட்டலாமா? இடிமின்னலுக்கு என்ன செய்ய?

வீட்டுக் கரண்டைப் போலவே சீரான அலை தரும் பியூர் சைன் இன்வேர்ட்டர் என்றால் ஓட்டலாம். மலிவான மொடிபைட் சைன் என்றால் ரான்ஸ்போமர் உள்ள செட் "ம்ம்ம்" என்று முனகும், சூடாகும். ரவுட்டரையும் அதே இன்வேர்ட்டரில் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் செட் உயிரோடு இருந்தும் பாட்டு வராது. 2022-இல் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். அதற்கு முன் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள். சமாளிப்போம்.

ஐப்பசி, கார்த்திகை இடிக்குப் பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது, லான் கேபிளையும் கழற்றுங்கள். பழைய செம்புத் தொலைபேசி லைன் உள்ள வீடுகளில் இடி அந்த வழியாக ரவுட்டருக்குள் வந்து லான் வழியாக செட்டுக்குப் போகும்.

திருநெல்வேலி: சரி அண்ணை, பெயரைச் சொல்லுங்கோ. எதை வாங்க?

வீட்டில் எதைப் பாவிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சிறிய ஹோல், ரிவியின் ஒலியையும் எச்டிஎம்ஐ ஆர்க் என்ற இணைப்பால் செட்டுக்கு எடுக்க வேண்டும், செலவு குறைய வேண்டும் என்றால் வீம் அம்ப். 8 ஓமில் 60 வாட். எல்லோரிடமும் ஐபோன் உள்ள வீடென்றால் வீம் அம்ப் புரோவுக்குப் போகாதீர்கள், பெயரில் புரோ இருந்தாலும் ஐபோனில் இருந்து வைபையில் பாட்டு அனுப்பும் ஏர்பிளே அதில் இல்லை. இசைத்தட்டும் எப்எம் வானொலியும் உண்டென்றால் யமஹா ஆர்-என்600ஏ. பாரமான, பழைய பாணிச் செட், எனக்குத் திறக்கப் பிடித்த வகை. புளூசவுண்ட் பவர்நோட் செயலிக்காகவே வாங்கலாம், ஆனால் ஏர்பிளே போலவே பாட்டு அனுப்பும் கூகிளின் முறையான கூகிள் காஸ்ட் அதில் கிடையாது.

காரைநகர்: கோயிலில பழைய ஹோர்ன் ஸ்பீக்கர் இரண்டு கழட்டி வச்சிருக்கினம். இதில பூட்டினால் எப்படி இருக்கும்?

நீண்ட வயரில் ஓட்டுவதற்கென்று உள்ளே லைன் ரான்ஸ்போமர் வைத்த 100 வோல்ட் வகை என்றால் இந்த அம்பிளிபயருக்குப் பொருந்தாது. வெறும் 16 ஓம் டிரைவர் என்றால் பாடும், ஆனால் கீழ் ஒலியை வெட்டாமல் கொடுத்தால் தவில் இரண்டாவது அடியிலேயே உள்ளே அதிரும் மெல்லிய தகட்டைக் கிழித்துவிடும். அதையும் தாண்டிப் பூட்டத்தான் போகிறீர்கள் என்றால், பக்கத்து வீட்டில் ஏஎல் பரீட்சை எடுக்கிற பிள்ளை இருக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துவிட்டுப் பூட்டுங்கோ.