கன்றுக் கழிச்சலும் குடல் வைரஸும்: பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துக் கேள்விகள்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): எட்டு நாள் கன்னுக்குட்டிங்க சார். நேத்திருந்து மஞ்சத் தண்ணியாக் கழியுது. பாலை நிறுத்துன்னு சொல்றாங்க. ஆன்டிபயாடிக் மாத்திரை குடுக்கலாங்களா?

பதில்: பாலை நிறுத்தாதீங்க. பிறந்த நாலு நாளுக்குள் கழிந்தால் ஈ.கோலி பாக்டீரியாவைச் சந்தேகப்படலாம். 5 முதல் 14 நாளுக்குள் என்றால் முதல் சந்தேகம் ரோட்டா வைரஸ். 1969-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சார்லஸ் மீபஸ் குழு இதைக் கன்றின் கழிச்சலில் கண்டது. குடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனிச் செல்களை இது அழிக்கிறது. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அங்கேதான் இருக்கிறது. அது போனதும் செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கிறது. இந்த வைரஸின் என்எஸ்பி4 என்ற புரதமே நச்சாக வேலை செய்து நீரை வெளியேற்றுகிறது என்பது 1996-ல் தெரிந்தது. இந்த இரண்டில் எதையும் ஆன்டிபயாடிக் தடுக்காது.

அழிந்த செல்கள் சில நாளில் வளர்ந்துவிடும், ஆனால் அதற்குத் தீனி வேண்டும். அதே அளவு பாலை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ரத்தம் கலந்து கழிந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, வாயில் விரல் வைத்தால் சப்பாமல் கிடந்தாலோ காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அப்போது ஊசி மருந்தும் நரம்பில் குளுக்கோஸும் தேவைப்படலாம்.

கேள்வி (நாட்டுக்கல்): உப்புச் சர்க்கரைத் தண்ணி எவ்வளவு குடுக்கிறதுங்க?

பதில்: கன்றைக் காப்பாற்றுவது இதுதான், அதனால் கணக்காகச் செய்யுங்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். மடிப்பு இரண்டு விநாடிக்கு மேல் நின்றால், கண் உள்ளே போயிருந்தால், உடம்பு எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் நீர் போயிருக்கிறது. 25 கிலோ கன்றுக்கு அது 2 லிட்டர். அதை ஈடுகட்டவும், மேற்கொண்டு கழிவதற்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு 1 முதல் 2 லிட்டர், நாளுக்கு இரண்டு மூன்று வேளை, வெதுவெதுப்பாக. பாலுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

வீட்டுச் சர்க்கரையைப் போடாதீங்க. சீனியைச் செரிக்கும் நொதி கன்றுக்குக் கிடையாது. கழிச்சல் கூடத்தான் செய்யும். குளுக்கோஸ் உள்ள பொடிதான் வேண்டும். கன்றுக்கென்று விற்கும் பொடி கிடைக்காவிட்டால் மெடிக்கல் கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அவசரத்துக்கு உதவும். அதில் உள்ள உப்புச்சத்து கன்றின் தேவைக்குக் கொஞ்சம் குறைவுதான். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரிலேயே கரையுங்கள். அரை லிட்டரில் கெட்டியாகக் கரைத்தால் அதுவே குடலுக்குள் நீரை இழுக்கும். படுத்துக் கிடக்கும் கன்றின் வாயில் பாட்டிலைச் சாய்த்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

கேள்வி (கோபாலபுரம்): பினாயில் ஊத்தியும் அடுத்தடுத்த கன்னுக்கு வருதுங்களே?

பதில்: ரோட்டா வைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லை. அதனால் சோப்பு, பினாயிலுக்கு லேசில் மசியாது, சாணத்தில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். கழிச்சல் தரும் கொரோனா வகை வைரஸுக்கு உறை உண்டு, அது சோப்பிலேயே போகும். முதலில் சாணத்தைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 10 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, வெயிலில் காய விடுங்கள். சாணத்தின் மேலேயே ஊற்றினால் குளோரின் சாணத்தோடு வினைபுரிந்து வீணாகும். கட்டுத்தறியில் எப்போதும் இளங்கன்றுக்கு முதலில் பாலூட்டிவிட்டு, கழிகிற கன்றைக் கடைசியில் பாருங்கள். புட்டி, வாளி தனியாக இருக்கட்டும்.

கேள்வி (மீனாட்சிபுரம்): சீம்பால் குடுத்தும் வருது.

பதில்: எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் உள்ளே போக வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருள் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகாது. ஆனால் ரோட்டா தாக்குவது குடலின் உட்பரப்பை. எனவே மிச்சச் சீம்பாலை ஃப்ரிட்ஜில் உறையவைத்து, இரண்டு வாரம் வரை வேளைக்கு அரை லிட்டர் பாலோடு சேர்த்துக் கொடுங்கள். அது குடலுக்குள்ளேயே வைரஸைப் பிடிக்கும். உறைந்ததைக் கொதிநீரில் உருக்கினால் எதிர்ப்புப் பொருள் கெடும், வெதுவெதுப்பு போதும்.

கேள்வி (வேலந்தாவளம்): பன்னிக்குட்டி கழிச்சலை லேபுக்கு அனுப்பினேன். மூணு வைரஸ் இருக்காம். எதுக்கு மருந்து பாக்கிறது?

பதில்: வைரஸ் இருப்பதும் நோய்க்குக் காரணமாவதும் வேறு. 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கழிச்சல் உள்ள குட்டி சராசரியாக 5.4 வகை வைரஸ்களைச் சாணத்தில் வெளியேற்றியது. நலமான குட்டியும் 4.2 வகை வெளியேற்றியது! வயதையும் சாவையும் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் பிறந்த குட்டிகள் கூட்டமாகச் செத்து, பெரியவை தேறினால் பி.இ.டி. என்ற கொரோனா வகையைச் சந்தேகிக்கலாம். அடுத்த முறை கழிச்சல் தொடங்கிய ஒரு நாளுக்குள், நோயுற்ற குட்டியுடன் நலமான குட்டியின் சாணத்தையும் ஐஸில் வைத்து அனுப்புங்கள். அந்த ஒப்பீடு இல்லாமல் அறிக்கையை நம்பி மருந்து வாங்காதீர்கள்.

கேள்வி (நாட்டுக்கல்): ஆட்டுக்கும் இதேதானுங்களா?

பதில்: கழிச்சலோடு மூக்கு ஒழுகி, வாயில் புண்ணும் இருந்தால் அது ஆட்டுக் கொள்ளை நோய், பி.பி.ஆர். இந்தியாவில் முதலில் 1987-ல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் தெரியவந்தது. இதற்குத் தடுப்பூசி உண்டு: நாலு மாத வயதில் 1 மி.லி., தோலடியில்.