ஒரு நாட்டை இன்னொரு நாடு பிடித்துக்கொண்டால், பழைய அரசு அனுப்பிய தூதர்களை மற்ற நாடுகள் தொடர்ந்து ஏற்குமா?

ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். முடிவு அவர் போய் அமர்ந்திருக்கும் நாட்டின் கையில் இருக்கிறது. தூதரை அனுப்புவது அவருடைய அரசு. அவரைத் தூதர் என்று மதிப்பது அவர் போன இடத்து அரசு. அனுப்பிய அரசு அழிந்தே போனாலும், இந்த இரண்டாவது அரசு மனம் மாறாதவரை அவர் தூதர்தான்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. பந்தலூருக்கு அப்பால் சேரம்பாடியில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். தாத்தா இலங்கை மலையகத்தில் பிறந்தவர். 1948-இல் அங்கே வந்த குடியுரிமைச் சட்டம் அவரை யாருக்கும் உரியவர் அல்லாதவர் ஆக்கியது. 1964-இல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் பாஸ்போர்ட் கொடுத்த பிறகுதான் அவருக்கு ஒரு நாடு கிடைத்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு தாயகம் திரும்பியோருக்காக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். அந்த பாஸ்போர்ட்டை வேட்டித் துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்திருந்தார். சாதிச் சான்றிதழுக்காக நான் ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தபோது, கடைசியில் அதைத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதனால் முத்திரை, அங்கீகாரம் என்பவை வெறும் சம்பிரதாயம் என்று யாராவது சொன்னால் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

உங்கள் கேள்விக்கு மிகத் தெளிவான உதாரணம் எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று பால்டிக் நாடுகள். 1940 ஜூனில் சோவியத் படைகள் அவற்றுக்குள் புகுந்தன. ஆகஸ்டுக்குள் மூன்றும் சோவியத் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டன. இணைப்பு முடியும் முன்பே, ஜூலை 23 அன்று, அமெரிக்க வெளியுறவுத் துறையின் சம்னர் வெல்ஸ் இதை அமெரிக்கா ஏற்கவில்லை என்று அறிக்கை விட்டார். அதற்கு ஒரு வாரம் முன்னால் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அந்த நாடுகள் அமெரிக்காவில் வைத்திருந்த பணத்தையும் தங்கத்தையும் முடக்கியிருந்தார். பணத்தை முடக்கிய இந்தச் செயல்தான் தூதர்களைக் காப்பாற்றியது. அறிக்கையை வைத்துக்கொண்டு வாடகை கட்ட முடியாது அல்லவா? முடக்கிய பணத்திலிருந்தே தூதரகச் செலவுகள் நடந்தன. லாட்வியாவும் லித்துவேனியாவும் வாஷிங்டனிலும், எஸ்தோனியா நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரிலும் அலுவலகம் வைத்திருந்தன. சொந்த மண்ணில் ஆட்சி இல்லாத அந்த நாடுகளின் பெயரால் பாஸ்போர்ட் கொடுத்தார்கள். அமெரிக்கா அதை ஏற்றது. இதை முதன்முதலில் படித்த அன்று தாத்தாவின் தகரப்பெட்டிதான் நினைவுக்கு வந்தது. வரைபடத்திலிருந்தே மறைந்துபோன நாட்டுக்காரருக்கு பாஸ்போர்ட் எழுதித் தர ஓர் ஆள் இருந்தார். இந்தியா, இலங்கை என இரண்டு நாடுகள் கண்ணெதிரே இருந்தும், தாத்தாவுக்கு இருபது வருடங்களுக்கு மேல் அப்படி ஒருவரும் இல்லை.

இதில் பெரிய சிக்கல் வயது. 1940-க்கு முன் முறையாக நியமிக்கப்பட்டவர்களை மட்டுமே அமெரிக்கா நெடுங்காலம் ஏற்றது. புதியவரை நியமிக்க அரசு இல்லை; இருப்பவர்களோ ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள். பிற்காலத்தில்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள். 1924-இல் பிறந்த ஸ்டாசிஸ் லோசோரைடிஸ் 1987-இல் லித்துவேனியத் தூதரகப் பொறுப்பை ஏற்க முடிந்தது அதனால்தான். அதற்குள் லித்துவேனியாவின் பணம் தீர்ந்திருந்தது. லாட்வியத் தூதரகம் தன்னிடமிருந்த பணத்திலிருந்து கடன் கொடுத்து அதை மூடாமல் பார்த்துக்கொண்டது.

எல்லா நாடுகளும் இப்படி நடக்கவில்லை. சுவீடன் 1940-லேயே தூதரகக் கட்டடங்களையும் தங்கத்தையும் சோவியத்திடம் ஒப்படைத்தது. பிரிட்டன் இணைப்பைச் சட்டப்படி ஏற்கவில்லை, நடைமுறையில் ஏற்றுக்கொண்டது. பழைய தூதர்களுக்குத் தனிப்பட்ட மரியாதையாகச் சில சலுகைகளைத் தொடர்ந்ததே தவிர, அவர்கள் இறந்தபின் அந்த இடத்துக்கு வேறொருவரை ஏற்கவில்லை. 1960-களின் இறுதியில், தன்னிடம் முடங்கியிருந்த பால்டிக் தங்கத்தை சோவியத்துடனான கணக்குவழக்கைத் தீர்க்கப் பயன்படுத்திக்கொண்டது. நம்பி வைத்தவர் வீட்டு நகையை எடுத்துத் தன் கடனை அடைத்தது போல. 1990-களில் ஈடு கொடுத்தார்கள் என்றாலும், எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

போலந்தின் கதை இன்னும் கொடியது. இரண்டாம் உலகப் போரில் நாட்டை இழந்து லண்டனிலிருந்து இயங்கிய போலந்து அரசு பிரிட்டனின் கூட்டாளி. அதன் வீரர்கள் பிரிட்டனின் பக்கம் நின்று செத்தார்கள். 1945 ஜூலையில் பிரிட்டனும் அமெரிக்காவும் போலந்துத் தலைநகர் வார்சாவில் சோவியத் ஆதரவோடு அமைந்த புதிய அரசை ஏற்றன. லண்டனில் தூதராக இருந்த எட்வர்ட் ராச்சின்ஸ்கி அத்தோடு தூதர் பதவியை இழந்தார். வாடிகனோ பழைய போலந்துத் தூதரை மேலும் பல ஆண்டுகள் ஏற்றுவந்தது.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1940 ஏப்ரலில் டென்மார்க்கை ஜெர்மனி பிடித்தது. ஆனால் அங்கே அரசு தொடர்ந்து இருந்தது. வாஷிங்டனில் இருந்த டென்மார்க் தூதர் ஹென்ரிக் காஃப்மன், 1941 ஏப்ரல் 9 அன்று, தன் அரசைக் கேட்காமலேயே, டென்மார்க்குக்கு உரிய கிரீன்லாந்தில் அமெரிக்கத் தளங்களுக்கு இடமளித்துக் கையெழுத்திட்டார். கோபன்ஹேகனில் இருந்த அந்த அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது, தேசத்துரோகக் குற்றமும் சாட்டியது. எதிரியின் பிடியில் இருக்கும் அரசின் உத்தரவு செல்லாது என்று சொல்லி, அமெரிக்கா அவரையே தூதராக வைத்துக்கொண்டது. 1990-இல் ஈராக் குவைத்தை விழுங்கியபோது இந்தக் குழப்பம் எழவில்லை. ஒரே வாரத்தில் ஐ.நா. பாதுகாப்பு அவை அந்த இணைப்பு செல்லாது என்று தீர்மானித்துவிட்டது.

ஆக, ஏற்பதா வேண்டாமா என்பதைச் சட்டத்தைவிட அந்தந்த நாட்டின் தேவைதான் முடிவு செய்திருக்கிறது. பால்டிக் தூதர்களை அமெரிக்கா வைத்துக்கொண்டதற்கும் பனிப்போர் ஒரு காரணம். ஆனால் தேவை யாருடையதாக இருந்தாலும், அந்த அலுவலகத்தைத் தினமும் திறந்து வைக்க ஒரு மனிதர் வேண்டுமே. எர்ன்ஸ்ட் யாக்சன் 1919-இல் சிறுவனாக எஸ்தோனிய வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர். 1965 முதல் நியூயார்க் அலுவலகத்தின் பொறுப்பு அவருடையது. எஸ்தோனியா மறுபடி விடுதலை பெற்ற 1991-இல் அவருக்கு 86 வயது. புதிய அரசு அமெரிக்காவுக்கும் ஐ.நா.வுக்கும் தன் தூதராக அவரைத்தான் நியமித்தது.