கறுப்பு ஆயில் எங்க போகுது?

கேள்வி: அண்ணே, நான் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், கூடவே ரோட்ல நின்னுபோன வண்டிய இழுத்துட்டு வர்ற ரெக்கவரி வண்டி ரெண்டு, வாட்டர் வாஷ், ஏசி வேலையும் ஓடுது. காலேஜ் முடிச்சு வந்த பையன் "சுற்றுச்சூழலக் கெடுக்காம தொழில் பண்ணணும், மொத வேலையா மேல சோலார் போடுவோம்"ங்கிறான். அதுல இருந்துதான் ஆரம்பிக்கணுமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: சோலார் போடட்டும் தம்பி, கரண்ட் பில் குறையும், வேணாங்கல. ஆனா அதுக்கு முன்னாடி மூலைல நிக்குதே இன்ஜின்ல இருந்து கழட்டின ஆயில் பேரல், அது யாருக்குப் போகுதுன்னு கேட்டுப் பாருங்க. யாரோ ஒருத்தர் டெம்போல வந்து கேன் கணக்குல காசு குடுத்து எடுத்துட்டுப் போவாரு, அது சென்ட்ரிங் ஷீட்டுக்குப் பூசவோ எங்கயாவது சூளைல எரிக்கவோ போயிரும், நாமளும் இடம் காலியாச்சுன்னு சந்தோஷப்படுவோம், நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு ஐப்பசி மழைல என் பட்டறை பேரல் மூடாம கெடந்துச்சு. தண்ணி நிறைய நிறைய மேல மிதந்த ஆயில் வழிஞ்சு, பின்வீட்டுக் கிணத்துல போய் சேந்துருச்சு. காலைல அந்தம்மா வாளியக் கொண்டாந்து என் முன்னாடி வச்சாங்க, தண்ணி மேல வானவில் மாதிரி பளபளப்பு. அவங்க திட்டக்கூட இல்ல, அதான் இன்னும் உறுத்துது. ஒரு லிட்டர் பழைய ஆயில் 10 லட்சம் லிட்டர் நல்ல தண்ணியக் கெடுத்துரும்னு அமெரிக்க சுற்றுச்சூழல் துறை சொல்றது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது.

2016ல வந்த அபாயகரமான கழிவு விதிப்படி பழைய ஆயிலும் அபாயகரமான கழிவுதான், பொதுவா 90 நாளுக்கு மேல வச்சிருக்கக்கூடாது, அனுமதி வாங்கின ரீசைக்கிள் ஆளுங்களுக்குத்தான் குடுக்கணும், யாருக்கு அனுமதி இருக்குன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல கேட்டா சொல்லுவாங்க. டெம்போக்காரரை விட ரெண்டு ரூபா கம்மியா வந்தாலும் பரவால்ல, ரசீதோட குடுங்க. ஏன்னா ஆயில் அழுக்காகுமே தவிர தேஞ்சு போறதில்ல, ஒரு லிட்டர் பழைய ஆயிலச் சுத்தம் பண்ணா அரை லிட்டருக்கு மேல நல்ல லூப் ஆயில் (இன்ஜினுக்கு ஊத்துற மசகு எண்ணெய்) கிடைக்கும், கச்சா எண்ணெய்ல இருந்து அதே அளவு லூப் ஆயில் எடுக்கணும்னா 42 லிட்டர் கச்சா எண்ணெய் வேணும். ஒன்னே ஒன்னு, கூலன்ட், பிரேக் ஆயில், தின்னர் எதையும் அதே பேரல்ல ஊத்திராதீங்க, கலந்துட்டா அவங்களுக்கும் உபயோகப்படாது. பழைய ஃபில்டரையும் ராத்திரி முழுக்க கவுத்து வச்சு வடிய விட்டுட்டுத்தான் போடணும்.

அடுத்து ரெக்கவரி வண்டி. போன் வந்த உடனே பெரிய வண்டிய அனுப்பாதீங்க, என்ன கோளாறு, லைட் எரியுதா, செல்ஃப் சத்தம் வருதான்னு ரெண்டு நிமிஷம் பேசுங்க. பேட்டரி டவுன், பஞ்சர்னா ஜம்பர் ஒயரும் காத்து பம்பும் குடுத்து ஒரு பையன பைக்ல அனுப்புனா போதும். பெரிய வண்டி லிட்டருக்கு 6 கிலோமீட்டர் குடுக்குதுன்னு வச்சாலும் போக வர 60 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் டீசல், கிட்டத்தட்ட 27 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பிரிட்டன்ல வண்டி ஓட்டுறவங்களுக்கு உதவுற ஏஏ சங்கம் 1905ல ஆரம்பிச்சப்ப அவங்க ஆளுங்க சைக்கிள்லதான் ரோட்ட சுத்துனாங்க, அதனால பைக்ல அனுப்புறது ஒன்னும் கவுரவக் குறைச்சல் இல்ல.

கேள்வி: ஏசி வேலைக்கு முன்னாடி பழைய கேஸ வெளிய விட்டுர்றோம், வாசனையே இல்ல, அதுல என்ன சார் இருக்கு? (வாசகர், ஓசூர்)

பதில்: வாசனை இல்லாததுதான் பிரச்சனையே. காருங்கள்ல இருக்கிற ஆர்134ஏ கேஸ் கார்பன் டை ஆக்சைட விட 1430 மடங்கு சூட்டப் புடிச்சு வைக்கும். ஒரு கார்ல அரைக் கிலோ இருந்து அத அப்படியே தொறந்து விட்டா 300 லிட்டர் பெட்ரோல எரிச்ச கணக்கு, வால்வ அழுத்துற ரெண்டு நிமிஷத்துல! பழைய கேஸ வெளிய விடாம உறிஞ்சி எடுக்கிற ரெக்கவரி மெஷின் விலைதான், ஒத்துக்கிறேன், நாலு பட்டறை சேந்து ஒன்னு வாங்கிக்கலாம். அப்புறம் லீக் எங்கன்னு பாக்காம வருசா வருசம் டாப்-அப் போடுறத நிறுத்துங்க, கஸ்டமரும் உங்கள நம்புவாரு.

கேள்வி: வாட்டர் வாஷ் தண்ணிய நேரா சாக்கடைல விடுறோம், சின்னக் கடைக்கு பிளான்ட் எல்லாம் கட்டுப்படியாகுமா? (வாசகி, கரூர்)

பதில்: பிளான்ட் எதுக்குங்க, மொதல்ல மூணு தொட்டி கட்டுங்க போதும். மொத தொட்டில மண்ணு அடில தங்கும், ரெண்டாவதுல ஆயில் மேல மிதக்கும், அங்க இருந்து தண்ணி போற பைப்புல ஒரு எல்போவ (வளைஞ்ச பைப் துண்டு) போட்டு வாய கீழ பாத்து தண்ணிக்குள்ள முங்குற மாதிரி வச்சுட்டா ஆயில் தங்கிரும், தண்ணி மட்டும் மூணாவதுக்குப் போகும். மேல நிக்கிற ஆயில வாரம் ஒருக்கா வழிச்சு பேரல்ல ஊத்துங்க, அத மறந்தா தொட்டி கட்டுனதே வீண். துடைக்கிற பனியன் வேஸ்ட்ட கடைக்குப் பின்னாடி கொளுத்துற பழக்கம் இருந்தா அதுவும் வேணாம், ஆயில் பட்ட துணியும் மேல சொன்ன 2016 விதில வர்ற கழிவுதான், மூடி போட்ட தனி டிரம்ல போட்டு வைங்க.